அண்டை வீட்டை மறந்த கேள்வி

1836ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் மாஸ்கோவின் நோவயா பஸ்மன்னயா தெருவிலிருந்த ஒரு வீட்டுக்கு மருத்துவர் ஒருவர் நாள்தோறும் வந்து போகத் தொடங்கினார். அந்த வீட்டின் ஓரப்பகுதியில் குடியிருந்த 42 வயது மனிதருக்குக் காய்ச்சலோ வலியோ இல்லை. உறவினர் எவரும் மருத்துவரை அழைக்கவுமில்லை. மருத்துவரை அனுப்பியது அரசு. நோயைக் கண்டறிந்தவர் ஜார் முதலாம் நிக்கலாய். நோயின் அறிகுறி, ஓர் இதழில் வெளிவந்த கட்டுரை.

அந்த மனிதரின் பெயர் பியோத்தர் சாதாயெவ். 1812இல் பொரதினோ போர்க்களத்தில் நெப்போலியனின் படைக்கு எதிராக நின்றவர்; பின்வாங்கிய அந்தப் படையைத் தொடர்ந்து பாரிஸ் வரை சென்ற ரஷ்யப் படையில் ஒருவர். வெற்றி வீரராக ஐரோப்பாவுக்குள் நுழைந்த அந்தத் தலைமுறையினர், தாம் வென்ற நாடுகளின் சாலைகளையும் பள்ளிகளையும் நீதிமன்றங்களையும் பார்த்துவிட்டு, பண்ணையடிமைகளை விற்கவும் வாங்கவும் முடிந்த தம் சொந்த நாட்டுக்குத் திரும்பினர். அந்த முரணைச் சிலரால் தாங்க இயலவில்லை. அவர்களுள் ஒரு பகுதியினர் 1825 டிசம்பரில் பீட்டர்ஸ்பர்க் சதுக்கத்தில் ஜாரை எதிர்த்து அணிவகுத்து நின்று தோற்றனர். அப்போது சாதாயெவ் வெளிநாட்டில் இருந்தார். ஆயுதம் ஏந்தாத அவர், திரும்பி வந்து எழுதலானார்.

பிரெஞ்சு மொழியில் அவர் எழுதிய மெய்யியல் கடிதங்களில் முதலாவது, ரஷ்ய மொழிபெயர்ப்பாக ‘தெலஸ்கோப்’ இதழில் வெளிவந்தது. அதன் சாரம் கடுமையானது. ரஷ்யா மேற்கையும் சேரவில்லை, கிழக்கையும் சேரவில்லை. பைசாந்தியத்திலிருந்து சமயத்தை ஏற்றதனால் ஐரோப்பாவின் பொதுவாழ்விலிருந்து ஒதுங்கிப்போயிற்று. மானுடத்தின் சிந்தனைக் களஞ்சியத்துக்கு இதுவரை எதையும் அது அளிக்கவில்லை. நெப்போலியனை முறியடித்த நாடு, தன்னை ஐரோப்பாவின் காவலனாகக் கருதிக்கொண்டிருந்த காலத்தில் இவ்வாறு எழுதப்பட்டது.

மூன்றாண்டுகளுக்கு முன்னர்தான் கல்வியமைச்சர் உவாரவ், ஆர்த்தடாக்ஸ் சமயம், எதேச்சாதிகாரம், மக்கள் மரபு என்னும் மூன்று தூண்களை அரசின் கொள்கையாக அறிவித்திருந்தார். சாதாயெவின் கட்டுரை அந்த மூன்றையும் ஒருசேர அசைத்தது. இதழ் மூடப்பட்டது. ஆசிரியர் நதேழ்தின் தொலைதூர வடக்குக்கு நாடுகடத்தப்பட்டார். கட்டுரையை அனுமதித்த தணிக்கையாளர் பதவியிழந்தார். அவர் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் இருந்தவர். எழுதியவரைச் சிறையில் அடைக்கவில்லை. சிறையில் அடைத்தால் அவர் கூற்றுக்கு எதிர்வாதம் உண்டு என்றாகிவிடும். பித்தனின் பேச்சுக்கு எவரும் மறுமொழி சொல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் மருத்துவக் கண்காணிப்பில் வைக்கப்பட்டு, இனி எதையும் வெளியிடலாகாது என்ற கட்டளையுடன் அவர் விடுவிக்கப்பட்டார்.

அவருக்குத் தகுந்த மறுமொழி ஒன்றை எழுதியவர் அரசு அதிகாரி அல்லர். அவருடைய நண்பர் அலெக்சாந்தர் புஷ்கின். 1836 அக்டோபர் 19 என நாளிடப்பட்ட அந்தக் கடிதத்தில், ரஷ்யச் சமூக வாழ்வின் வறுமையைப் பற்றிச் சாதாயெவ் சொன்னவற்றில் பலவற்றைப் புஷ்கின் ஒப்புக்கொள்கிறார். ஆயினும், ரஷ்யாவுக்கு வரலாறே இல்லை என்பதை மறுக்கிறார். மங்கோலியரின் படையெடுப்பைத் தன் நிலப்பரப்பில் உள்வாங்கி ஐரோப்பாவைக் காத்தது ரஷ்யாவே என்கிறார். இந்த நாட்டைவிட வேறொரு நாட்டையோ, இந்த முன்னோரைவிட வேறொரு முன்னோரையோ தாம் விரும்பமாட்டார் என்பது அவர் நிலை. இரண்டு நண்பர்கள், ஒரே நாட்டை நேசிப்பவர்கள், ஒருவரை ஒருவர் மதித்துக்கொண்டே எதிரெதிராக நின்ற அரிய தருணம் அது. ஆனால் சாதாயெவைச் சூழ்ந்த ஆபத்தை உணர்ந்ததால் அக்கடிதம் அஞ்சலில் சேர்க்கப்படவில்லை. சில மாதங்களில் புஷ்கின் துவந்த யுத்தத்தில் சுடப்பட்டு இறந்தார்.

ரஷ்ய அரசியல் சிந்தனையின் வரலாற்றை இந்த அனுப்பப்படாத கடிதத்திலிருந்தே தொடங்கிப் படிக்கலாம். மேற்கத்தியர் என்றும் ஸ்லாவியப் பற்றாளர் என்றும் பின்னாளில் பெயர்பெற்ற இரு முகாம்களும் சாதாயெவின் கேள்வியைச் சுற்றியே அணிசேர்ந்தன. பீட்டர் பேரரசர் திறந்துவிட்ட ஐரோப்பியப் பாதையே வழி என்றனர் ஒரு சாரார். அந்தப் பாதையில்தான் ரஷ்யா தன்னை இழந்தது, கிராமச் சமுதாயத்திலும் பழைய திருச்சபையிலும்தான் அதன் உயிர் இருக்கிறது என்றனர் கமியக்கோவும் கிரெயெவ்ஸ்கியும். இந்த இரண்டாம் சாராரை அரசு அரவணைத்திருக்கும் என்று நினைப்பது தவறு. கிரெயெவ்ஸ்கி நடத்திய ‘யெவ்ரபேயெத்ஸ்’ இதழ் 1832இல் இரண்டே வெளியீடுகளுடன் நிறுத்தப்பட்டது. நாட்டைப் புகழ்வதானாலும் அரசின் அனுமதியோடு, அரசின் சொற்களிலேயே புகழ வேண்டும் என்பது நிக்கலாய் காலத்து விதி. இரு முகாமினரும் ஒரே வரவேற்பறையில் அமர்ந்து, ஒரே தேநீரை அருந்தி, இரவு முழுவதும் வாதிட்டனர். சாதாயெவ் தம் வீட்டில் திங்கட்கிழமைதோறும் விருந்தினரை வரவேற்றார். பித்தர் என்று பட்டம் பெற்றவரின் வீட்டில்தான் மாஸ்கோவின் அறிவு ஒன்றுகூடிற்று.

1837இல், பித்தன் என்ற பட்டத்தையே தலைப்பில் வைத்து, சாதாயெவ் ஒரு தன்னிலை விளக்கம் எழுதினார். அது அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நாட்டை நேசிப்பதைவிடக் கண்ணைத் திறந்து நேசிப்பதே மேல் என்ற எண்ணத்தை அதில் அவர் வலியுறுத்தினார். கூடவே இன்னொன்றையும் சொன்னார். ரஷ்யாவுக்குப் பழைய சுமைகள் இல்லாமையே ஒரு நற்பேறு. பிறர் செய்த பிழைகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, ஐரோப்பாவைத் திணறடிக்கும் சிக்கல்களுக்கு அதுவே விடை காணக்கூடும் என்றார். குறையாகச் சொல்லப்பட்ட வெறுமை இங்கே ஒரு பணியாக மாறுகிறது. ரஷ்யாவுக்கு உலகில் ஒரு தனி ஊழியம் உண்டு என்று பின்வந்தோர் பேசிய பேச்சுகளில், இந்த நம்பிக்கையின் தடத்தைக் காணலாம். மிகக் கடுமையான விமரிசகரின் கையிலிருந்தே அந்த விதையும் விழுந்தது.

இந்த விவாதத்தின் அழகில் மயங்குவது எளிது. நாம் யார், ஐரோப்பாவா ஆசியாவா, இரண்டும் அல்லாத மூன்றாவதா என்ற கேள்வியைப் பற்றி அடுக்கடுக்கான நூல்கள் உள்ளன. அவற்றைப் படிக்கும் மாணவர் ஒருவருக்கு மெல்லமெல்ல ஓர் ஐயம் எழ வேண்டும்: இந்த உரையாடலில் பேசாதவர் யார்?

1830 நவம்பரில் வார்சாவில் எழுச்சி வெடித்தது. மறு ஆண்டு செப்டம்பரில் ரஷ்யப் படை அந்நகரைக் கைப்பற்றியது. ஐரோப்பாவின் அனுதாபம் போலந்தின் பக்கம் இருந்தது. புஷ்கின் அந்த அனுதாபத்துக்கு மறுப்பாக ஒரு கவிதை எழுதினார். இது ஸ்லாவியருக்கிடையிலான பழைய குடும்பச் சண்டை, அயலார் தலையிட வேண்டாம் என்பது அதன் தொனி. அக்கவிதையைப் படித்துவிட்டு, இப்போதுதான் நீங்கள் தேசியக் கவிஞர் ஆனீர்கள் என்ற பொருளில் அவருக்குப் பாராட்டு எழுதியவர் வேறு யாருமில்லை, சாதாயெவ்தான். முதல் கடிதத்தை அவர் அதற்கு முன்பே எழுதி முடித்திருந்தார். தன் நாட்டின் வரலாற்றையே வெற்றுத்தாள் என்று சொல்லத் துணிந்த மனிதர், அந்த நாட்டின் படை அண்டை நாட்டின் தலைநகருக்குள் நுழைந்தபோது நண்பரின் கவிதைக்குக் கைதட்டினார். திறந்த கண்ணுக்கும் ஒரு மறைவிடம் இருந்தது.

உக்ரேனியக் கவி தராஸ் ஷெவ்சென்கோ பண்ணையடிமையாகப் பிறந்தவர். 1838இல் ஓர் ஓவியத்தைக் குலுக்கல் முறையில் விற்றுக் கிடைத்த பணத்தைக் கொடுத்து நண்பர்கள் அவரை மீட்டனர். 1847இல் அவர் கைதானார். சாதாரணப் படைவீரராக ஒரென்பர்க் எல்லைக்கு அனுப்பப்பட்டார். எழுதவும் வரையவும் தடை என்று ஜார் நிக்கலாய் தம் கைப்படக் குறித்தார். சாதாயெவைப் பித்தர் என்று சொன்ன அதே கை. மாஸ்கோவின் பிரபுக்கு ஒரு மருத்துவரும் உலாவும் நேரமும் கிடைத்தன. உக்ரைனின் பண்ணையடிமைப் பிள்ளைக்குக் கிடைத்தவை படைச் சீருடையும் புல்வெளிப் பாலையும். ரஷ்யா எது என்று வரவேற்பறைகள் வாதிட்டுக்கொண்டிருந்தபோது, ரஷ்யா என்று அழைக்கப்பட விரும்பாதவர்களின் வாழ்வு இவ்வாறு தீர்மானிக்கப்பட்டது.

கிரிமியப் போரில் நிக்கலாயின் ரஷ்யா தோற்றது. 1856 மார்ச் 30 அன்று பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. கருங்கடலில் ரஷ்யா போர்க்கப்பற்படை வைத்திருக்கலாகாது என்பது அதில் மிகவும் வலித்த விதி. ஒரு மாதம் நிறைவதற்குள், ஏப்ரலில், சாதாயெவ் மாஸ்கோவில் காலமானார். அதே ஏப்ரலில் அலெக்சாந்தர் கோர்ச்சகோவ் வெளியுறவு அமைச்சரானார். இந்த இருவரையும் இணைக்கும் கண்ணி புஷ்கின். ஜார்ஸ்கொயே செலோ பள்ளியின் முதல் வகுப்பில் புஷ்கினுடன் பயின்றவர் கோர்ச்சகோவ். அதே ஊரில் நிறுத்தப்பட்டிருந்த குதிரைப்படையின் இளம் அதிகாரியாக, 1816இல் மாணவர் புஷ்கினுக்கு நண்பரானவர் சாதாயெவ். ஒருவர் தோல்விக்கு முன்பே நாட்டைக் கேள்வி கேட்டவர். மற்றவர் தோற்ற நாட்டை எழுப்பி நிறுத்த வந்தவர்.

கோர்ச்சகோவ் தம் தூதர்களுக்கு 1856 செப்டம்பரில் அனுப்பிய சுற்றறிக்கை ராஜதந்திர வரலாற்றில் புகழ்பெற்றது. ரஷ்யா முகத்தைத் திருப்பிக்கொண்டு கோபத்தில் அமர்ந்திருக்கவில்லை. தன்னைத் தானே ஒன்றுதிரட்டிக்கொள்கிறது என்பது அதன் மையக் கருத்து. அச்சொல்லுக்கு உள்ளே வலு இருந்தது. 1861இல் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டு 2 கோடிக்கும் மேற்பட்டோர் சட்டத்தின் பார்வையில் விடுதலை பெற்றனர். நீதிமன்றங்களும் உள்ளாட்சியும் படையமைப்பும் சீர்திருத்தம் கண்டன. 1870இல் பிரான்சும் பிரஷ்யாவும் மோதிக்கொண்டிருந்த வேளையில், கருங்கடல் விதி இனித் தம்மைக் கட்டுப்படுத்தாது என்று கோர்ச்சகோவ் அறிவித்தார். 1871 மார்ச்சில் லண்டனில் கூடிய அரசுகள் அதை ஏற்றன. 15 ஆண்டுக் காத்திருப்பு. ஒரு தோட்டாவும் செலவில்லை. தோற்ற நாடு ஒன்று, பழிவாங்கும் போரில் இறங்காமல், தன் வீட்டைச் செப்பனிட்டபடியே இழந்ததை மீட்ட நிகழ்வாக இது இன்றும் பாடநூல்களில் போற்றப்படுகிறது. அந்தப் பாராட்டில் நியாயம் உண்டு.

ஆனால் அதே 15 ஆண்டுகளை வார்சாவிலிருந்தும் கீவிலிருந்தும் தாஷ்கெண்டிலிருந்தும் பார்த்தால் காட்சி வேறு. 1863 ஜனவரியில் போலந்து மீண்டும் எழுந்தது. பிரிட்டனும் பிரான்சும் ஆஸ்திரியாவும் அனுப்பிய குறிப்புகளைக் கோர்ச்சகோவ் உறுதியுடன் நிராகரித்தார்; உள்நாட்டில் அவர் புகழ் உயர்ந்தது; எழுச்சி தூக்குமரங்களில் முடிந்தது. அவ்வாண்டு ஜூலையில் உள்துறை அமைச்சர் வலூயெவ், உக்ரேனிய மொழியில் சமய நூல்களும் கல்வி நூல்களும் அச்சாவதைத் தடுத்துச் சுற்றறிக்கை அனுப்பினார். அப்படி ஒரு தனி மொழி இருந்ததுமில்லை, இருக்கவும் முடியாது என்ற கூற்று அந்த அரசு ஆவணத்தில் இடம்பெற்றது.

மறு ஆண்டு, 1864இல், கோர்ச்சகோவின் இன்னொரு சுற்றறிக்கை புறப்பட்டது. இது இந்திய வாசகர் நின்று படிக்க வேண்டிய ஆவணம். நாகரிக அரசு ஒன்று நாடோடிக் குடிகளின் எல்லையில் நிற்க நேரும்போது முன்னேறுவதைத் தவிர வழியில்லை என்று மத்திய ஆசியப் படையெடுப்புக்கு அது விளக்கம் சொல்கிறது. சான்றுக்கு அமெரிக்காவின் குடியேற்றத்தையும், அல்ஜீரியாவில் பிரான்சையும், இந்தியாவில் இங்கிலாந்தையும் அழைக்கிறது. எங்கே நிற்பது என்பதே கடினமான வினா என்றும் ஒப்புக்கொள்கிறது. நிற்கவில்லை. 1865இல் தாஷ்கெண்ட், 1868இல் சமர்கண்ட், 1873இல் கீவா. ஐரோப்பாவா இல்லையா என்று மாஸ்கோவின் அறிஞர்கள் முடிவு செய்வதற்கு முன்னரே, ஆசியாவை எதிர்கொள்ளும்போது தான் ஐரோப்பாதான் என்று ரஷ்யப் பேரரசு முடிவு செய்துவிட்டது. தன்னைத் திரட்டிக்கொண்ட நாடு பிறர் நிலங்களையும் கூடவே திரட்டிக்கொண்டது.

இந்த இடத்தில் வேறொரு குரல் ஒலித்தது. லண்டனில் அகதியாக வாழ்ந்த அலெக்சாந்தர் ஹெர்ஸன், 1857 முதல் ‘கோலொகல்’ என்ற ஏட்டை நடத்திவந்தார். மணி என்பது அப்பெயரின் பொருள். தணிக்கையைத் தாண்டிக் கள்ளவழியில் ரஷ்யாவுக்குள் சென்ற அந்த ஏட்டை அமைச்சர்களும் படித்தனர் என்பார்கள். சாதாயெவின் கட்டுரையைத் தம் இளமையில் நாடுகடத்தப்பட்ட ஊரில் படித்து அதிர்ந்தவர் ஹெர்ஸன். அதை இருளில் கேட்ட வேட்டொலிக்கு ஒப்பிட்டவர். ஆனால் 1863இல் அவர் சாதாயெவைத் தாண்டிச் சென்றார். போலந்தின் விடுதலை ரஷ்யாவின் இழப்பு அன்று. போலந்தை அடக்கும் கை ரஷ்யரையும் அடக்கும் கைதான் என்றார். வாசகர்கள் அவரைக் கைவிட்டனர். 2,000 பிரதிகளுக்கு மேல் அச்சான ஏடு, சுமார் 500 பிரதிகளாகச் சுருங்கியது. சீர்திருத்தத்தை ஆதரித்த, அடிமைமுறை ஒழிப்பைக் கொண்டாடிய, முற்போக்காளர் என்று தம்மை அழைத்துக்கொண்ட அதே வாசகர்கள்தான் விலகிச் சென்றார்கள். தம் விடுதலைக்காக ஹெர்ஸனைப் படித்தவர்களுக்கு, பிறர் விடுதலைக்காக அவரைப் படிக்க மனம் வரவில்லை.

ஹெர்ஸன் ஏந்திய முழக்கம் அவருடையதன்று. 1831 ஜனவரியில் வார்சாவில், 1825இல் ஜாரை எதிர்த்து மாண்ட ரஷ்யர்களின் நினைவாகப் போலந்துக்காரர்கள் ஓர் ஊர்வலம் நடத்தினர். அதை ஒட்டிப் பிறந்தது அந்த முழக்கம்: உங்கள் விடுதலைக்காகவும், எங்கள் விடுதலைக்காகவும். எதிரி நாட்டின் தலைநகரில், எதிரி நாட்டின் தியாகிகளுக்காக எழுந்த முழக்கம் அது. போரின் விளிம்பில் நின்றவர்கள் காட்டிய அந்தப் பெருந்தன்மைக்குச் சமமான ஒன்றை மறுபக்கத்திலிருந்து தேடினால், ஹெர்ஸனும் அவரைச் சூழ்ந்த ஒரு சிறு குழுவும் மட்டுமே தென்படுகின்றனர்.

காற்று வேறு திசையில் வீசிற்று. இயற்கை அறிவியலில் பயிற்சி பெற்ற நிக்கலாய் தனிலேவ்ஸ்கி 1869இல் ‘ரஷ்யாவும் ஐரோப்பாவும்’ என்ற நூலைத் தொடராக வெளியிட்டார். உயிரினங்களைப் போலவே நாகரிகங்களும் தனித்தனி வகைகள். ஒன்றின் விதி மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஐரோப்பா ரஷ்யாவை ஒருபோதும் தன்னவனாக ஏற்காது. ஆகவே ஸ்லாவியர் அனைவரும் ரஷ்யாவின் தலைமையில் ஒன்றுகூட வேண்டும் என்பது அவர் வாதம். எல்லா நாகரிகங்களும் ஐரோப்பாவின் படிக்கட்டில்தான் ஏற வேண்டும் என்ற செருக்கை மறுத்த வகையில், காலனியப்பட்ட நாடுகளிலிருந்து படிப்பவரை அந்நூல் ஈர்க்கக்கூடும். ஆனால் அந்தக் கூட்டமைப்பில் சேர விருப்பமா என்று போலந்துக்காரரையோ செக்கரையோ கேட்கும் அத்தியாயம் அதில் இல்லை. பன்மையைப் பற்றிய கோட்பாடு, தன் வேலிக்குள் பன்மையை அனுமதிக்கவில்லை.

1917 புரட்சி இக்கதையைத் திருப்பிப்போடும் என்று உலகம் நம்பியது. அந்த நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. ஆட்சிக்கு வந்த மறுநாளே வெளியான சமாதான ஆணை, பிறர் நிலத்தை வலிந்து இணைக்காத அமைதியைக் கோரியது. ஜார் அரசின் இரகசிய ஒப்பந்தங்கள் வெளியிடப்பட்டன. அடிமைப்பட்ட ஆசியாவெங்கும் அது எழுப்பிய எதிரொலி பொய்யன்று. ஆயினும் இருபதே ஆண்டுகளில் பழைய இலக்கணம் திரும்பியது. பாசிசத்துக்கு எதிராக ஐரோப்பிய நாடுகளின் கூட்டுப் பாதுகாப்பை வலியுறுத்திவந்த வெளியுறவு ஆணையர் மக்சீம் லித்வீனவ் 1939 மே மாதம் நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த மோலதவ், ஆகஸ்ட் 23 அன்று ஜெர்மனியுடன் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். அதன் இரகசிய இணைப்பு கிழக்கு ஐரோப்பாவைக் கோடு போட்டுப் பிரித்தது. அதில் முதலில் மறைந்த நாடு, மறுபடியும் போலந்து.

1968 ஆகஸ்ட் 20 இரவு, சோவியத் தலைமையிலான படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தன. ஐந்தாம் நாள், ஆகஸ்ட் 25, ஞாயிற்றுக்கிழமை நண்பகல், மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் எட்டுப் பேர் தரையில் அமர்ந்தனர். அவர்களில் ஒருவர் இயற்பியலாளர் பாவெல் லித்வீனவ், நீக்கப்பட்ட அந்த ஆணையரின் பேரன். இன்னொருவர் கவிஞர் நத்தாலியா கோர்பனேவ்ஸ்கயா. மூன்று மாதக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். துணிப் பதாகைகளில் ஒன்றில் எழுதியிருந்தது அந்தப் பழைய முழக்கம்: உங்கள் விடுதலைக்காகவும், எங்கள் விடுதலைக்காகவும். சில நிமிடங்களில் பதாகைகள் கிழிக்கப்பட்டன. விக்தர் ஃபைன்பெர்க் என்பவரின் பற்கள் உடைக்கப்பட்டன. உடைந்த பற்களோடு ஒருவரை நீதிமன்றத்தில் நிறுத்துவது சங்கடம் என்பதாலோ என்னவோ, அவர் சிறப்பு மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். லித்வீனவுக்கு ஐந்தாண்டு நாடுகடத்தல். கோர்பனேவ்ஸ்கயாவை அன்று விட்டுவைத்தவர்கள், 1969 டிசம்பரில் கைது செய்து மனநலச் சிறையில் அடைத்தனர். 1972இல்தான் வெளியே வந்தார்.

சாதாயெவின் வீட்டுக்கு வந்த மருத்துவர் 130 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் வந்துவிட்டார். இம்முறை அவரிடம் ஊசியும் மருந்தும் இருந்தன. கேள்வியும் மாறியிருந்தது. ரஷ்யா யார் என்று அந்த எட்டுப் பேரும் கேட்கவில்லை. பிராகா நகரத்தார் தம் வாழ்வைத் தாமே தீர்மானிக்கட்டும் என்றனர். அப்படிச் சொல்வதால் தாமும் விடுதலை பெறுவதாக உணர்ந்தனர். இருபத்தோராண்டுகள் கழித்து, 1989 டிசம்பரில், படையெடுத்த நாடுகளின் தலைவர்களே அந்தப் படையெடுப்பு தவறு என்று கூட்டாக அறிவித்தார்கள். அதற்கு ஓராண்டுக்கு முன்பு ஐநா அவையில் கொர்பச்சோவ், எந்த நாட்டுக்கும் தன் வழியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை உண்டு, இதற்கு விலக்கு இல்லை என்று பேசியிருந்தார். செஞ்சதுக்கத்தில் சில நிமிடங்கள் வாழ்ந்த பதாகை, ஒரு பேரரசின் கொள்கையாகச் சிறிது காலம் வாழ்ந்தது.

பிறகு வந்த தோல்வி, போரில்லாத தோல்வி. நாடு சிதறியது, விலைவாசி ஏறியது, நேட்டோ கிழக்கே நகர்ந்தது. 1996இல் வெளியுறவு அமைச்சரான யெவ்கேனி பிரிமக்கோவ் தமக்கு முன்னோடியாகக் கோர்ச்சகோவை எடுத்துக்கொண்டார். 1998இல் அவருடைய இருநூறாவது பிறந்த ஆண்டை ஒட்டி அவரைப் பற்றி விரிவாகப் பேசினார். வலுவிழந்த நாடும் செயலூக்கமுள்ள வெளியுறவை நடத்த முடியும் என்பதே அவர் கற்ற பாடம். 1998 டிசம்பரில் டெல்லி வந்தபோது ரஷ்யா, இந்தியா, சீனா என்னும் முக்கோணத்தை அவர் முன்வைத்தார். 1999 மார்ச்சில் யுகோஸ்லாவியா மீது குண்டுவீச்சு உறுதியானபோது, வாஷிங்டனை நோக்கி அட்லாண்டிக் மீது பறந்துகொண்டிருந்த தம் விமானத்தைத் திருப்பச் சொன்னார். பெருமிதமும் நிதானமும் கலந்த அந்தச் செயலை இன்றும் பலர் நினைவுகூர்கின்றனர். கோர்ச்சகோவிடமிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கவை பல. ஆனால் 1856இன் கோர்ச்சகோவை எடுத்தால் 1864இன் கோர்ச்சகோவும் கூடவே வருவார். எங்கே நிற்பது என்று தெரியாத அவரை விலக்கிவிட்டு, தன்னைத் திரட்டிக்கொள்ளும் அவரை மட்டும் வரவேற்பது எளிதன்று. 2022 பிப்ரவரிக்குப் பின் இதற்கு விளக்கம் தேவையில்லை.

இந்தியாவில் அமர்ந்து இந்த வரலாற்றைப் பயில்வோருக்கு இது அயலார் கதை அன்று. மலிவு விலைப் பதிப்புகளாக வந்த தல்ஸ்தோயும் கோர்க்கியும் இங்கே எத்தனையோ வீடுகளின் முதல் நூலகம். 1971இல் அந்த நாடு அளித்த துணை மறக்கத் தக்கதன்று. ஆனால் 1968 ஆகஸ்டில் பாதுகாப்பு அவையில் செக்கோஸ்லோவாக்கியா பற்றிய தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. அந்த நிலைப்பாட்டை ஏற்க இயலாமல் மத்திய அமைச்சர் அசோக் மேத்தா பதவி விலகினார். 2022 பிப்ரவரியிலும் அதே அவையில் இந்தியா ஒதுங்கி நின்றது. அரசுகளுக்கு எண்ணெயும் ஆயுதமும் எல்லையும் உண்டு. அவற்றின் கணக்கை எள்ளி நகையாடுவது பொறுப்பாகாது. ஆய்வாளருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மேற்குலகின் இரட்டை அளவுகோலைச் சுட்டிக்காட்டுவதோடு தம் பணி முடிந்துவிட்டதாக அவர் எண்ணினால், ஹெர்ஸனைக் கைவிட்ட அந்த முற்போக்கு வாசகரின் நாற்காலியில் போய் அமர்கிறார். காலனியத்தின் வலியை அறிந்த மொழிகளில் எழுதுவோர், தாஷ்கெண்டின் வீழ்ச்சியையும் உக்ரேனிய மொழித் தடையையும் அடிக்குறிப்பாகச் சுருக்குவதற்கு வேறென்ன பெயர்?

2013 ஆகஸ்ட் 25 அன்று, 45 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர, சிலர் அதே செஞ்சதுக்கத்தில் அதே முழக்கத்தை விரித்தனர். காவலர் அவர்களைப் பிடித்துச் சென்றனர். 77 வயதான கோர்பனேவ்ஸ்கயாவும் அன்று அங்கே வந்திருந்தார். மூன்று மாதங்கள் கழித்துப் பாரிஸில் அவர் காலமானார். 2022 மார்ச்சில் இயற்றப்பட்ட சட்டங்கள், படையின் செயலை இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கிவிட்டன. அதன் பிறகும் வெற்றுத்தாளை ஏந்தி நின்றவர்கள் உண்டு, அவர்களும் பிடிபட்டனர்.

ரஷ்யா ஐரோப்பாவா என்ற கேள்விக்கு இருநூறு ஆண்டுகளாக விடை எழுதப்பட்டுவருகிறது, இனியும் எழுதப்படும். வார்சா ஊர்வலத்தினர் எழுப்பிய கேள்விக்கு எழுதப்பட்ட விடைகள் மிகச் சில. அவற்றுள் ஒன்றைச் செஞ்சதுக்கத்தின் கல்தரையில், ஒரு நண்பகலில், ஒரு குழந்தை வண்டியின் அருகே அமர்ந்து எட்டுப் பேர் எழுதினார்கள். ரஷ்ய அரசியல் சிந்தனையின் வரலாற்றை எழுதும் எவரும் அந்தச் சில நிமிடங்களுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும்.